சொந்த ஸ்ரெம் செல்லைத் திரும்ப ஏற்றும்போது புற்றுநோய்க் கலமும் உள்ளே போகுமா?

கேள்வி இதுதான்: அப்பாவுக்கு 58 வயது, மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் மருந்து ஏற்றி நோய் நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது. இனி அவருடைய சொந்த ஸ்ரெம் செல்லை எடுத்து வைத்து, கடும் மருந்து கொடுத்துவிட்டு, எடுத்ததைத் திரும்ப ஏற்ற வேண்டும் என்கிறார்கள். எடுக்கும் இரத்தத்துக்குள் புற்றுநோய்க் கலமும் இருக்காதா? அதை அகற்றித் தருகிற இடம் எங்காவது இருந்தால், காணியை விற்றாவது அங்கே கொண்டுபோகலாமா?

இருக்கும். மைலோமாவில் எடுக்கும் பையில் கொஞ்சமாவது நோய்க்கலம் இருப்பதுதான் வழமை. அகற்றும் வழிகளும் உண்டு, நாற்பது வருடமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அப்பாவின் நோயில் பையைச் சுத்தம் செய்து ஏற்றியவர்களும் அப்படியே ஏற்றியவர்களும் பிறகு ஒரே அளவு காலம்தான் நோயில்லாமல் இருந்தார்கள். அதற்காகக் காணியை விற்க வேண்டாம். அந்தக் காசுக்கும் கவலைக்கும் வேறு இடத்தில் வேலை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஸ்ரெம் செல் என்கிற குருத்துக் கலங்கள் என்புமச்சையில் இருப்பவை. பில்கிராஸ்டிம் ஊசியைக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வீதம் நாலைந்து நாள் போட்டால் அவை மச்சையை விட்டு இரத்தத்துக்குள் இறங்கும். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 600 மைக்ரோகிராம், அதாவது 300 ஊசி இரண்டு. ஐந்தாம் நாளளவில் இயந்திரத்தில் நாலைந்து மணித்தியாலம் இரத்தத்தைச் சுழற்றி வேண்டியதை மட்டும் பிரித்தெடுப்பார்கள். குருத்துக் கலத்தின் மேற்பரப்பில் சி.டி. 34 என்ற புரதம் இருக்கும். அதை வைத்துத்தான் எண்ணுவார்கள். உடல்நிறையின் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 இலட்சம் வேண்டும். 40, 50 இலட்சம் கிடைத்தால் மனநிம்மதி. கிலோவுக்கு 50 இலட்சம் என்றால் 60 கிலோ அப்பாவுக்கு 30 கோடி. ஆனால் பைக்குள் இருக்கும் மொத்தக் கலங்கள் 3,000 கோடி அளவில் வரலாம். நூற்றுக்கு ஒன்றுதான் குருத்துக் கலம். மிச்சமெல்லாம் சாதாரண வெண்குருதிக் கலங்கள், சுருக்கமாக வெண்கலங்கள். நோய்க்கலம் ஒளிந்து வருவது அந்தக் கூட்டத்தோடுதான்.

இப்போது ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஆளுக்கு ஆள் இது மாறும் என்றாலும் விசயம் விளங்கும். பையில் இலட்சத்துக்கு ஒன்று நோய்க்கலம் என்று வையுங்கள்: 3,000 கோடியில் 3 இலட்சம். கேட்கவே பயமாக இருக்கும். இனி உடம்பைப் பாருங்கள். வளர்ந்த ஒருவரின் மச்சையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி கலங்கள். மைலோமா மச்சையில் வாழும் நோய் என்பதால் இரத்தத்தைவிட அங்கே செறிவு கூட. ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 100 கோடி நோய்க்கலம். கடும் மருந்து அதில் 99.9 வீதத்தைக் கொன்றாலும் 10 இலட்சம் மிஞ்சும். அதோடு பையிலிருந்து 3 இலட்சம் சேர்ந்தால் 13 இலட்சம். பையை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுத்தம் செய்தால் 3 இலட்சம் வெறும் 300 ஆகும். மொத்தம் 10 இலட்சத்துச் சொச்சம். ஆய்வுகூடத்தில் பார்த்தால் மாபெரும் வெற்றி. அப்பாவின் உடம்பில் பார்த்தால் 13 பத்தானதுதான் மிச்சம். அதுவும் ஏற்றிய நோய்க்கலம் எல்லாம் உயிரோடு போய் மச்சையில் குடியேறும் என்று எடுத்துக்கொண்டால். உறைய வைத்து உருக்கும்போதே ஒரு பகுதி செத்துவிடும்.

வலிகாமத்துச் செம்மண்ணில் கோரை பிடித்த தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடப்போகும் வெங்காயத்தோடு ஒட்டி வந்த கோரைக் கிழங்கை ஒன்றுவிடாமல் பொறுக்கி எறியலாம். மண்ணுக்குள் கிடக்கிற கிழங்கு அப்படியே கிடந்தால் நாலாம் கிழமை தோட்டம் பச்சையாகத்தான் இருக்கும்.

இது வெறும் கணக்கு மட்டும் அல்ல, ஆட்களில் சோதித்த விசயம். 1999இல் 131 மைலோமா நோயாளரைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு சி.டி. 34 கலங்களை மட்டும் தெரிந்தெடுத்தும் மற்றவர்களுக்குப் பையை அப்படியேயும் ஏற்றிய ஆய்வு வெளிவந்தது. நோய்க்கலம் நடுமதிப்பாக 3.1 லொக் குறைந்தது. ஒரு லொக் என்றால் பத்தில் ஒன்றாகக் குறைவது, மூன்று லொக் என்றால் ஆயிரத்தில் ஒன்று. ஆகவே சுத்திகரிப்பு வடிவாகவே வேலை செய்தது. 2001இல் 190 பேரின் முடிவு வந்தது: நோய் திரும்பும் காலத்திலும் வித்தியாசமில்லை, ஆயுளிலும் வித்தியாசமில்லை. அதன் பிறகு மைலோமாவில் இது வழமையான சிகிச்சையாக வரவேயில்லை. வேலூர் சி.எம்.சி. 1986இலிருந்து மச்சை மாற்றுச் சிகிச்சை செய்கிற இடம். அங்கே போனாலும் சரி, கொழும்புக்குப் போனாலும் சரி, மைலோமாவுக்கு பையை அப்படியே ஏற்றினால் உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

அப்படியென்றால் ஆரம்பத்தில் ஏன் இதற்கு இவ்வளவு பாடுபட்டார்கள்? காரணம் பலமானது. 1991இல் பொஸ்ரனில் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்த 114 பேரில், சுத்தம் செய்த மச்சையில் மிகச் சிறிதளவு நோயையும் டி.என்.ஏ. மூலம் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். சோதனைக்கும் நோய் தெரியாமல் போனவர்கள் மிச்சப் பேரைவிட நெடுங்காலம் நோயில்லாமல் இருந்தது காட்டப்பட்டது. 1993இல் அமெரிக்காவின் மெம்பிஸில் இன்னும் நேரடியாகப் பார்த்தார்கள். இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளின் மச்சையை எடுத்து வைக்கும்போது, அதிலுள்ள கலங்களுக்குள் வைரசு மூலம் ஒரு பக்றீரியாப் பரம்பரையலகை அடையாளமாகப் புகுத்தினார்கள். 12 பேரில் இரண்டு பேருக்கு நோய் திரும்பியது. திரும்பி வந்த நோய்க்கலங்களில் அந்த அடையாளம் இருந்தது. பையிலிருந்து போன கலமும் நோயைத் திரும்பக் கொண்டுவரும் என்பதற்கு அதற்குமேல் சாட்சி தேவையில்லை. உங்கள் பயம் அறியாமையில் வந்தது என்று ஒருவரும் சொல்ல ஏலாது.

ஆனால் அந்த ஆய்வு சொல்லாத ஒன்று உண்டு. பையிலிருந்தும் வரும் என்றது. உடம்பில் மிஞ்சியதிலிருந்து வராது என்று சொல்லவில்லை. 1991 முடிவுக்கும் வேறு விளக்கம் இருக்கிறது: எவருடைய மச்சை எளிதில் சுத்தமானதோ அவருடைய உடம்பிலும் நோய் குறைவாகவே இருந்திருக்கும். பை என்பது உடம்பின் கண்ணாடி. கண்ணாடியைத் துடைப்பதால் முகம் மாறாது.

செய்முறையை விளங்கிக்கொண்டால், அகற்றுவதில் என்ன விலை கொடுக்கிறோம் என்பதும் தெரியும். பழைய முறை மருந்தால் கொல்வது. 4-எச்.சி. என்று சுருக்கமாகச் சொல்லும், சைக்கிளோபொஸ்பமைட்டின் உறவு மருந்தை மில்லிலீற்றருக்கு 60 முதல் 100 மைக்ரோகிராம் என்ற செறிவில் கலந்து, 37 பாகையில் அரை மணித்தியாலம் வைத்து, குளிரவைத்துக் கழுவுவார்கள். குருத்துக் கலத்துக்குள் இந்த மருந்தை முறிக்கும் ஒரு நொதியம் கூடுதலாக இருப்பதால் அது தப்பிக்கும் என்பதே தத்துவம். கோளாறு எங்கே வரும் என்றால், அதே நொதியம் செங்குருதிக் கலத்துக்குள்ளும் இருக்கிறது. பையில் செங்கலம் கூடினால் அதுவே மருந்தை விழுங்கிவிடும், நோய்க்கலம் தப்பும். குறைந்தால் மருந்து அளவுக்குமேல் வேலை செய்து குருத்துக் கலத்தையே அரித்துவிடும். பிறகு வெண்கலம் ஏறப் பல கிழமை எடுக்கும். அவ்வளவு நாளும் ஆள் கிருமிக்குத் திறந்த வாசல்.

அடுத்தது பிறபொருளெதிரி முறை. நோய்க்கலத்தில் மட்டும் ஒட்டும் பிறபொருளெதிரியைக் கலந்து, முயல் இரத்தத்திலிருந்து எடுத்த கொம்பிளிமென்ற் புரதங்களால் அந்தக் கலங்களை உடைப்பது. பொஸ்ரனில் செய்தது இதுதான், ஒரே பையை மூன்று தரம். நோய்க்கலம் அந்த அடையாளப் புரதத்தை வெளிக்காட்டாவிட்டால் தப்பிவிடும், அதுதான் இதன் பலவீனம்.

இன்று பெரிய நிலையங்களில் இருப்பது காந்த முறை. பெரும்பாலும் எதிர்ப்புறமாகச் செய்வார்கள்: கெட்டதைப் பொறுக்காமல் நல்லதைப் பொறுக்குவது. பையிலிருந்து முதலில் குருதிச் சிறுதட்டுக்களைக் கழுவி அகற்றி, சி.டி. 34இல் ஒட்டும் பிறபொருளெதிரியோடு இணைத்த, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துணிக்கைகளைச் சேர்த்து, அறை வெப்பத்தில் அரை மணித்தியாலம் மெல்ல அசைத்து வைப்பார்கள். ஒட்டாத துணிக்கைகளை இரண்டு மூன்று தரம் கழுவி எடுப்பார்கள். பிறகு காந்தத்துக்குள் வைத்த குழாயூடாக ஓடவிட்டால், துணிக்கை ஒட்டிய கலம் நிற்கும், மற்றது வடிந்துபோகும். காந்தத்தை விலக்கினதும் நின்றது இறங்கும். சுளகில் புடைப்பதுபோலத்தான், ஆனால் அரிசிக்குப் பதில் நூற்றுக்கு ஒன்றை நிறுத்துகிறது. இறங்கியதில் 90 வீதத்துக்கு மேல் சி.டி. 34 கலமாக இருக்கும்.

இதிலும் கோளாறு வருகிற இடங்கள் தெரிந்தவை. ஒரு குப்பித் துணிக்கை மருந்து 60 கோடி சி.டி. 34 கலம், 6,000 கோடி மொத்தக் கலம் வரைக்குமே காணும். அதைத் தாண்டினால் துணிக்கை பங்குபோடக் காணாமல் நல்ல கலமே வடிந்து போய்விடும். ஒரு நாளுக்குமேல் வைத்த பையில் வெண்கலங்கள் செத்து, உள்ளிருக்கும் டி.என்.ஏ. வெளியே வந்து, எல்லாம் கட்டியாகித் திரளும். திரண்டது குழாயை அடைக்கும். எல்லாம் சரியாக நடந்தாலும் குருத்துக் கலத்தில் மூன்றில் ஒன்று தொடக்கம் பாதிவரை இழக்கலாம். அப்பாவுக்கு 30 கோடி கிடைத்து 40 வீதம் போனால் 18 கோடி. கிலோவுக்கு 30 இலட்சம், தாங்கும். ஆனால் பலருக்கு 15 கோடியே பாடுபட்டுத்தான் கிடைக்கும். அதில் 40 வீதம் போனால் 9 கோடி, கிலோவுக்கு 15 இலட்சம். ஆகக்குறைந்த அளவுக்குக் கீழே. கடும் மருந்தைக் கொடுத்தபிறகு பையில் காணாது என்றால் திரும்பி வர வழியில்லை. இன்னொன்று, நல்லதை மட்டும் பொறுக்கும்போது நோயெதிர்ப்பு தரும் ரி கலங்களும் வெளியே போகின்றன; சி.எம்.வி. போன்ற வைரசுக்கள் பிறகு தலைதூக்குவதற்கு அது இடம் கொடுக்கிறது. சில வகை இரத்தப் புற்றுநோயில் நோய்க்கலமே சி.டி. 34ஐக் காட்டும். அங்கே இந்த முறை நல்லதோடு கெட்டதையும் சேர்த்துப் பொறுக்கித் தரும்.

மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதை வாசிக்கும் வேறு குடும்பங்களுக்காக. பிள்ளைகளுக்கு வரும் நரம்புக் கலப் புற்றுநோயான நியூரோபிளாஸ்ரோமாவில் 495 பிள்ளைகளைச் சேர்த்த அமெரிக்க ஆய்வு 2013இல் வெளியானது: ஐந்து வருடத்தில் நோயின்றி இருந்தவர்கள் சுத்தம் செய்த பகுதியில் 40 வீதம், செய்யாததில் 36 வீதம், புள்ளிவிபரப்படி வித்தியாசம் இல்லை. பி கல லிம்போமாவில் 1997இல் வந்த, பி கலங்களை அழிக்கும் றிற்றுக்ஸிமாப் மருந்து இந்த வேலையைப் பைக்குள் அல்லாமல் உடம்புக்குள்ளேயே செய்யத் தொடங்கியது. எடுக்கமுன் மருந்தை ஏற்றினால் எடுக்கும் பையில் பி கலமே அரிது. நாட்பட்ட மைலொயிட் லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோயில் 2001இல் இமற்றினிப் குளிசை வந்ததும் அந்தக் கேள்வியே இல்லாமல் போனது. தீவிர லுக்கேமியாவில் திரும்பி வரும் ஆபத்துக் கூடியவர்களுக்கு இப்போது சகோதரம் அல்லது வேறு கொடையாளியின் கலத்தையே பெரும்பாலும் தேடுகிறார்கள். அதில் நோய்க்கலம் இல்லை, அதோடு கொடையாளியின் ரி கலம் மிஞ்சிய நோயை அடிக்கும்.

ஒரே ஒரு கலம் எவ்வளவு முக்கியமாகலாம் என்பதற்கு அண்மைய உதாரணம் வேறோர் இடத்திலிருந்து வருகிறது. நோயாளியின் ரி கலங்களையே புற்றுநோயை அடிக்கும்படி மாற்றி ஏற்றுவது கார்-ரி சிகிச்சை. அதற்கு ரி கலங்களை மாற்றியமைக்கும்போது ஒரேயொரு லுக்கேமியாக் கலமும் தவறுதலாக மாற்றப்பட்டு, அதுவே மருந்துக்குப் பிடிபடாத நோயாகப் பெருகியதைப் பென்சில்வேனியாவில் கண்டு 2018இல் வெளியிட்டார்கள். அங்கே சுத்தம் இன்றைக்கும் உயிர்ப் பிரச்சினை. மைலோமாப் பையில் அப்படி இல்லை.

இனி, யாராவது "நாங்கள் ஸ்ரெம் செல்லைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்று விலை சொன்னால், எதைச் சுத்தம் செய்கிறார்கள் என்று கேளுங்கள். பல வேலைகளுக்கு அந்த ஒரே சொல்லைப் பாவிக்கிறார்கள். உறைய வைக்கச் சேர்க்கும் டி.எம்.எஸ்.ஓ. மருந்தைக் கழுவுவது ஒன்று. கொடையாளியின் இரத்தவகை பொருந்தாதபோது செங்கலத்தை அகற்றுவது இன்னொன்று. அரைப் பொருத்தமுள்ள கொடையாளியின் பையிலிருந்து ரி கலத்தை நீக்குவது மூன்றாவது. இவை ஒவ்வொன்றுக்கும் தேவை இருக்கிறது, ஆனால் ஒன்றுமே புற்றுநோய்க் கலத்தை அகற்றுவதல்ல. இந்தியாவின் பல நிலையங்களில் மைலோமாப் பையை உறைய வைப்பதே இல்லை. 4 பாகைக் குளிரில் இரண்டு மூன்று நாள் வைத்து, இடையில் மெல்பலான் என்ற கடும் மருந்தைக் கொடுத்து, நேரே ஏற்றிவிடுவார்கள். அது குறைபாடு இல்லை. நல்லாக வேலை செய்கிற, செலவு குறைந்த முறை.

உங்கள் காசும் நேரமும் உண்மையில் வேலை செய்கிற இடங்கள் இவை. முதலாவது, எடுக்கமுன் உடம்பு எவ்வளவு சுத்தம் என்பது. வழமையாக நாலு சுற்று மருந்துக்குப் பிறகு எடுப்பார்கள். அந்த மருந்தே பையையும் உடம்பையும் சேர்த்துச் சுத்தம் செய்கிறது. நோய் நன்றாகக் குறையமுன் அவசரப்பட வேண்டாம். அதற்காக மைலோமாக் குளிசையான லெனலிடோமைட்டை இழுத்துக்கொண்டும் போக வேண்டாம், நெடுநாள் எடுத்தால் கலம் இறங்குவது குறையும். எடுக்க 2 முதல் 4 கிழமைக்கு முன் அதை நிறுத்துவார்கள். எப்போது நிறுத்துவது என்ற திகதியைத் தெல்லிப்பழையும் மாற்றுச் சிகிச்சை செய்யும் இடமும் ஒன்றாகத் தீர்மானித்ததா என்று நீங்களே கேட்டு எழுதி வையுங்கள். இரண்டு இடத்துக் கிளினிக் அட்டைக்கும் இடையில் தவறிப்போகிற விசயம் இதுதான்.

இரண்டாவது, கலம் இறங்காவிட்டால் என்ன செய்வது என்பது. நாலாம், ஐந்தாம் நாள் இரத்தத்தில் சி.டி. 34ஐ எண்ணுவார்கள். மைக்ரோலீற்றருக்கு 20க்கு மேல் என்றால் நல்லது. 10க்குக் கீழே என்றால், கலத்தை மச்சையிலிருந்து இறக்கும் இன்னோர் ஊசியான பிளெரிக்ஸபோர் தேவைப்படும். கிலோவுக்கு 0.24 மில்லிகிராம், எடுக்க ஏறத்தாழ 11 மணித்தியாலத்துக்கு முன், தோலுக்குக் கீழே. அப்பாவுக்கு 14.4 மில்லிகிராம். விலை கூடின மருந்து. காசை ஒதுக்கி வைப்பதென்றால் இதற்கு வையுங்கள். பில்கிராஸ்டிம் ஊசியை யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுபோவதென்றால் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேணும். ஐஸ் கட்டியோடு நேரே ஒட்டி உறைந்தாலும் மருந்து பழுதுதான், நடுவில் ஒரு துவாயைச் சுற்றுங்கள். நாரியும் தொடையும் உளையும். பரசிற்றமோல் போடமுன் காய்ச்சலை அளந்துவிட்டுப் போடுங்கள்.

மூன்றாவது, பைக்குள் போகக்கூடாததைப் போகவிடாமல் பார்ப்பது. எடுக்க 7 நாளுக்கு முன் தொடக்கம் எடுத்து முடியும்வரை அப்பாவுக்கு இரத்தமோ சிறுதட்டோ ஏற்றினால் கதிரேற்றியதாக, அதாவது ரி கலம் பெருகாதபடி கதிர்வீச்சுக் கொடுத்ததாக இருக்கவேணும். இல்லாவிட்டால் கொடையாளியின் ரி கலம் பைக்குள் சேரலாம். கடும் மருந்து தொடங்கியதிலிருந்து ஏற்றியபிறகு 3 மாதம்வரை அதே விதி. ஊருக்குத் திரும்பியபின் இரவில் திடீரென்று வோர்ட்டில் சேர்க்க நேர்ந்தால் அங்கே நிற்கும் தாதிக்கு இது தெரியாமல் இருக்கலாம். "கதிரேற்றிய இரத்தம் மட்டும்" என்று எழுதிய தாளை அப்பாவின் அட்டையோடு கிளிப் போட்டு வையுங்கள்.

எடுக்கும் நாளில் உதடும் விரல் நுனியும் விறுவிறுத்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் சேர்க்கும் சித்திரேற்று கல்சியத்தைப் பிடிப்பதால் வருவது; கல்சியம் கொடுத்தால் நிற்கும். மெல்பலான் சதுர மீற்றருக்கு 200 மில்லிகிராம், சிறுநீரகம் பழுதென்றால் 140. அது ஏறும்போது ஐஸ் துண்டை வாயில் வைத்துச் சப்பினால் வாய்ப்புண் குறையும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ பையை ஏற்றுவார்கள். உறைய வைத்த பை என்றால் 37 பாகைத் தண்ணீரில் உருக்கி, கட்டிலடிக்குக் கொண்டுவந்து, சில நிமிடத்துக்குள் ஏற்றி முடிப்பார்கள். அறை முழுக்க உள்ளி வாசம் போல ஒன்று அடிக்கும், அப்பாவின் மூச்சிலும் ஒன்றிரண்டு நாள் இருக்கும். அது டி.எம்.எஸ்.ஓ.வின் வாசம், பயப்பட வேண்டாம்.

ஏற்றியபிறகு நோயைத் தள்ளிப்போடுவது லெனலிடோமைட்டைக் குறைந்த அளவில் தொடர்ந்து எடுப்பது. 2012இல் வந்த பெரிய ஆய்வுகள் இதைத்தான் காட்டின. மாதாமாதம் அந்தக் குளிசை தடையில்லாமல் கிடைக்க என்ன வழி, அரச வைத்தியசாலையில் இல்லாத மாதத்தில் வெளியே வாங்க எவ்வளவு முடியும் என்பதை இப்போதே கதைத்து வையுங்கள். காணியை விற்காமல் வைத்திருந்தால், அப்படியான மாதங்களுக்கு அது உதவும்.